குகைக்காரர் மகள்

ஜனவரி 6

வாலுத் தம்பிக்கு,

பல் பிடுங்கிய இடம் ஆறிவிட்டதா? வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னேனே, செய்தாயா? செய்திருக்க மாட்டாய். ஐம்பத்தைந்து வயசாகியும் உனக்கு வைத்த பட்டப்பெயரைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறாய். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம்.

விஷயத்துக்கு வருகிறேன். மலையடிவாரத்துக்குப் புதுச் சாலை போடுகிறார்கள். சாலை தொடங்கும் இடத்தில், என் கடைக்கு எதிரே, ஒரு கல் நட்டு, ஊருக்குப் பெருமை சேர்த்த ஒருவர் பெயரை அதில் வெட்டப் போகிறார்கள். நகரசபைத் தலைவி அதற்கென்று ஒரு குழு போட்டிருக்கிறார். அப்பா பெயரை விட்டால் வேறு யார் பெயர்? புதையல் குகையை வரைபடத்தில் ஏற்றியவர் அவர். நகரசபைச் சுவரில் தொங்குகிற படத்தில், கிழக்குச் சரிவில், கறுப்பாய் அந்தக் குகை வாய் இன்றைக்கும் இருக்கிறது. ஊரே அவரைக் குகைக்காரர் என்றுதான் கூப்பிட்டது. என் கடை போர்டே 'குகைக்காரர் மகள் தையலகம்'.

ஆனால் மருந்துக்கடைக்காரர் குறுக்கே நிற்கிறார். மலையடியில் ஊருக்கு நிலம் கொடுத்தது அவருடைய தாத்தாவாம். அதனால் தாத்தா பெயர்தான் வேண்டுமாம். கூட்டத்தில் என்னைப் பார்த்து, "குகை குகைன்னு சொல்றீங்களேம்மா, உங்கப்பாவைத் தவிர யாராவது அதைப் பார்த்திருக்காங்களா?" என்று கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. அதே கையோடு வந்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா மலையை அளந்தபோது கைப்பட எழுதிய அளவுப் புத்தகம் உன் ஆபீஸ் பதிவறையில்தான் கிடக்க வேண்டும். அதே நில அளவைத் துறையில் நீயும் முப்பது வருஷமாய் நாற்காலியைத் தேய்க்கிறாய்; ஒருநாள் எழுந்து போய்த் தேடு. குகையை எப்படிக் கண்டார், உள்ளே என்ன பார்த்தார் என்று ஒரு வரியாவது எழுதாமலா இருப்பார்? வாயால்தான் அவர் எதையும் சொன்னதில்லை. "குகை எங்கேப்பா?" என்று நான் கேட்டால் என் உச்சந்தலையில் ஒரு குட்டு வைத்து, "இங்கதான் இருக்கு" என்பார். அத்தோடு பேச்சு முடிந்தது.

போன் செய்யாதே. குழுவின் முன்னால் வைக்க எனக்குக் காகிதம் வேண்டும்.

உப்புத் தண்ணீரை மறக்காத,
உன் அக்கா

*

ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

கொப்பளித்தேன். பல் ஆறிவிட்டது. உன் முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தாயா, இல்லை மருந்துக்கடைக்காரரோடு சண்டை என்பதால் மாத்திரையும் வேண்டாம் என்று வீம்பா?

தேடுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தக் குகையில் யார், எப்போது, எதை வைத்தார்கள்? ஓடிப்போன ராஜா என்று சின்ன வயசில் சொல்வாய். உயிருக்குத் தப்பி ஓடுகிறவன் பொன் மூட்டையோடு மலை ஏறுவானா, சமவெளியில் குதிரையைத் தட்டிவிடுவானா? பிறகு கொள்ளைக்காரர்கள் என்றாய். நம் ஊரில் கொள்ளையடிக்க அப்படி என்ன இருந்தது? மலைக்குப் பின்னால் வழியும் கிடையாது. முப்பது வருஷம் மலையையும் மேட்டையும் படமாய்ப் பார்த்தவன் கேட்கிறேன்.

இன்னொன்று. உனக்காவது குட்டு வைத்தார். நான் கேட்டபோது "போய்ப் படி" என்றார். அந்த மனத்தாங்கல் எனக்கு இன்னும் போகவில்லை.

வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லும்,
தம்பி

*

பிப்ரவரி 2

வாலுக்கு,

முழங்கால் பரவாயில்லை, மாத்திரையை வேறு கடையில் வாங்கினேன். அங்கே குளிர் விட்டதா? ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே வைத்து அழகு பார்க்காதே.

ராஜாவை நானும் கைவிட்டுவிட்டேன். இந்த வாரம் என் கடையில் துணி கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன். ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், வணிகர்கள் என்கிறார்: வெளியூர்ச் சந்தைக்குப் போகிறவர்கள் வழியில் பயந்து, முத்தையும் பவளத்தையும் அங்கே மறைத்துவைத்து, திரும்பி வராமல் போனார்களாம். முடிவெட்டுகிறவர், பழைய அரசாங்கத்தின் வரிப்பணம் என்கிறார். அவருக்கு எதிலும் வரிப்பணம்தான். எனக்கு ஹெட்மாஸ்டர் சொல்வது பிடித்திருக்கிறது. திரும்பி வராதவர்கள் என்றால் சொத்துக்கு உரிமை கொண்டாட ஆள் வர மாட்டார்கள் பார்.

அப்பா அதைக் கண்டுபிடித்தார் என்பதற்கு நம் வீட்டிலேயே சாட்சி இருக்கிறதே. நான் கைக்குழந்தையாய் இருந்தபோது அவரை இரண்டு வருஷம் கண்காணாத இடத்துக்கு மாற்றினார்கள். குகை ரகசியம் வெளியே போகக் கூடாது என்றுதானே? அம்மாவிடம் கேட்டால் சிரிப்பாள், இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. பொன்னைக் கண்ணால் பார்த்துவிட்டு, குண்டுமணி அளவுகூட எடுக்காமல் இறங்கி வந்த மனுஷன். இப்படி ஒருவர் இந்த ஊரில் வேறு யாராவது உண்டா?

குழுவில் சொல்லிவிட்டேன், "என் தம்பி புத்தகத்தோட வருவான்" என்று. என் தலையை வாங்கிவிடாதே.

உன்னை நம்பி வாய் விட்ட,
அக்கா

*

பிப்ரவரி 20

அக்கா,

ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். நீ அனுப்பியதே; தோள் அப்படியே உட்காருகிறது. ஆபீஸில் யார் தைத்தது என்று கேட்காதவர் இல்லை.

அளவுப் புத்தகம் இன்னும் கையில் வரவில்லை. பதிவறையில் பூச்சிமருந்து அடித்துப் பத்து நாள் பூட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குள் நூலகத்தில் இருக்கிற பழைய வரைபடங்களைப் பார்த்தேன். அப்பாவுக்கு முன்னால் மூன்று பேர் அந்த மலையை வரைந்திருக்கிறார்கள். ஒன்றிலும் குகை இல்லை. ஊரைப் பற்றிய பழைய குறிப்பேடு ஒன்றும் படித்தேன். எத்தனை ஆடு, எத்தனை கிணறு, எந்த மரத்தில் தேன்கூடு என்பது வரை எழுதியிருக்கிறான். குகை என்று மூச்சு விடவில்லை. புதையல் கதையும் இல்லை.

அதாவது, அப்பாவின் படம் வருவதற்கு முன் இந்தக் குகையைப் பற்றி யாரும் பேசவே இல்லை. இது எனக்குக் கொஞ்சம் யோசனையாய் இருக்கிறது.

மூட்டில் பனிக்காற்றுப் படாமல் பார்த்துக்கொள்.

தம்பி

*

மார்ச் 1

என் தங்கத்துக்கு,

யோசனையாய் இருக்கிறதாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவருக்கு முன் யாருக்கும் தெரியாது. அவர்தான் முதலில் கண்டார். மூன்று பேர் மலையைச் சுற்றியும் கண்ணில் படாதது நம் அப்பாவின் கண்ணில் பட்டிருக்கிறது. உன் கடிதத்தைக் குழுவில் சத்தமாய் வாசித்தேன். மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் துடைத்தார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

கல்லில் வெட்ட வாசகமும் எழுதிக் கொடுத்துவிட்டேன்: 'மறைந்த குகையைக் கண்டவர்.' வரும் பதினேழாம் தேதியோடு எனக்கு அறுபது முடிகிறது. இந்தக் கல்தான் எனக்குப் பிறந்தநாள் பரிசு என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். புத்தகத்தைச் சீக்கிரம் அனுப்பு.

உடம்பு, மனசு இரண்டும் தெம்பாய் இருக்கிற,
அக்கா

*

மார்ச் 14

அக்கா,

அறுபது முடியும் உனக்கு என் அன்பு. இன்னும் அறுபது இரு. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே இரு.

இங்கே திடீரென்று வெயில் ஏறிவிட்டது. மத்தியானத்தில் தெருவில் ஒரு ஈ காக்காய் இல்லை. இரண்டு நாள் முன்பு புழுதிக்காற்று. ஜன்னலைச் சாத்தினால் வேகிறது, திறந்தால் மேஜை முழுக்க மண். இந்த வருஷம் மழை முந்தும் என்று பேசிக்கொள்கிறார்கள்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

தம்பி

*

ஏப்ரல் 5

தம்பி,

உன் ஊர் வெயிலைப் பற்றி ஒரு பக்கம் படித்தேன். நன்றி. உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நீ ஒன்பதாம் வகுப்பில் ஃபெயிலான அன்றைக்கும் வீட்டுக்கு வந்து மேகத்தைப் பற்றித்தான் பேசினாய். பூச்சிமருந்து அடித்து ஒன்றரை மாதமாகிறது. பூச்சியே செத்துப் பேரன் பேத்தி எடுத்திருக்கும். புத்தகத்தைப் பார்த்துவிட்டாய். என்னிடம் மறைக்கிறாய். அப்பா ஏதாவது எடுத்துவிட்டாரா? குகையிலிருந்து ஒரு காசாவது எடுத்தார் என்று எழுதியிருக்கிறதா? எதுவாக இருந்தாலும் எனக்குச் சொல்லிவிடு. கல் வெட்டுகிறவர் வந்து அளவெடுத்துப் போயிருக்கிறார். பொய்யைக் கல்லில் வெட்டிவைத்து அதன் எதிரே நான் தினமும் கடை திறக்க வேண்டாம்.

அக்கா

*

ஏப்ரல் 16

அக்கா,

உட்கார்ந்து படி. கையில் கத்தரிக்கோல் இருந்தால் கீழே வைத்துவிடு. அப்பா எதையும் எடுக்கவில்லை. எடுக்க அங்கே எதுவும் இல்லை. குகையே இல்லை.

ஒரு மலையை அளப்பது என்றால், ஒரு கல்லிலிருந்து கிளம்பி, அளவுச் சங்கிலியைப் போட்டுக் கோடு கோடாய் மலையைச் சுற்றி வந்து, கிளம்பிய கல்லிலேயே முடிக்க வேண்டும். அப்பா இருபது கோடு போடத் திட்டமிட்டிருக்கிறார். பத்தொன்பது கோட்டுக்கு எதிரே எண் இருக்கிறது. முத்து முத்தான அவருடைய எழுத்து. இருபதாவது, கிழக்குச் சரிவில் இருக்கிற கடைசிக் கோட்டுக்கு எதிரே எண் இல்லை. இப்படி எழுதியிருக்கிறார்:

'இந்தக் கோடு அளக்கப்படவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு வேலையை விட்டு வீட்டுக்குப் போனேன். கணக்குப் போட்டு எழுத முடியும். அளக்காததை அளந்ததாக எழுத மாட்டேன்.'

அக்கா, மற்ற பத்தொன்பது கோட்டை வைத்து இருபதாவது எவ்வளவு என்று பத்து நிமிஷத்தில் கணக்குப் போட்டுவிடலாம். நாங்கள் எல்லாரும் அதைத்தான் செய்வோம். சங்கிலி போட்டதாய் எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். நான் செய்திருக்கிறேன், ஒரு தடவை இல்லை. சுத்தமாய் வேலை செய்கிறவன் என்று பாராட்டுக் கடிதம்கூட வாங்கியிருக்கிறேன். அந்த வரியைப் படித்த அன்றைக்கு அதைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன்.

வேலையைப் பாதியில் விட்டதற்கு அப்பாவிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். 'வீட்டுக் காரணம்' என்று இரண்டே வார்த்தை பதில். நான்காம் நாள் மாற்றல் உத்தரவு. அந்த இரண்டு வருஷம் அதுதான், அக்கா. ரகசியம் காக்க இல்லை. தண்டனை.

அவர் போன பிறகு புத்தகம் வரைவாளரிடம் போயிருக்கிறது. கிளம்பிய கல்லில் வந்து மூடாத கோட்டோடு படத்தை எந்த அதிகாரியும் வாங்க மாட்டார். நடுவில் பள்ளமோ பாறையோ குறுக்கிட்டுச் சங்கிலி போட முடியவில்லை என்றால் வாங்குவார்கள். வரைவாளர் அந்த இடைவெளியில் கறுப்பாய் ஒரு குகை வாயைப் போட்டு, கையெழுத்து வாங்கிவிட்டார். படம் ஊருக்கு வந்தது. அரசாங்கப் படத்தில் குகை இருக்கிறது, ஏறிப் போனால் காணோம். அப்படியென்றால் யாரோ மறைத்திருக்க வேண்டும். மறைத்தால் சும்மாவா மறைப்பார்கள், பொன் இருக்க வேண்டும். ராஜா, கொள்ளைக்காரன், உன் ஹெட்மாஸ்டரின் முத்து வியாபாரி எல்லாரும் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். அப்பா ஊர் திரும்பியதும், குகையை எடுத்துவிடச் சொல்லி ஆபீஸுக்கு இரண்டு மனு எழுதியிருக்கிறார். இரண்டின் மேலும் 'பரிசீலிக்கப்படும்' என்று எழுதி, புத்தகத்தின் பின்னால் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறார்கள். இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

எந்தத் தேதி என்று கேட்காதே. பக்கத்தின் மூலை கிழிந்திருக்கிறது.

உன்னால் தாங்க முடியாது என்றுதான் மார்ச்சில் எழுதவில்லை. மன்னித்துவிடு. வேளைக்குச் சாப்பிடு.

தம்பி

*

ஜூன் 9

தம்பி,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. பயந்திருப்பாய். இரண்டு மாதமாய் உனக்கு எழுதவில்லை; உண்மையைச் சொன்னால் உன் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம். அப்பா மேலும்தான். வாசலில் போர்டைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ என்னைக் கேலி செய்கிற மாதிரி இருந்தது. ஏணி போட்டுக் கழற்றப் பார்த்தேன். முழங்கால் விடவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், சீருடை மலை மாதிரி குவிந்து கிடந்தது. ஒரு சட்டையின் கையை ஓர் அங்குலம் குறைத்து வெட்டிவிட்டேன். நாற்பது வருஷத்தில் எனக்கு அப்படி ஆனதில்லை. பட்டன் தைக்கிற என் கூட்டாளி பார்த்துவிட்டு, "லேசா இழுத்துப் பிடிச்சுத் தைச்சிடுங்கக்கா, ரெண்டு தடவை துவைக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாது" என்றாள். கை தானாக அதை ஒதுக்கி வைத்தது. வேறு துணி எடுத்துப் புதிதாய் வெட்டினேன். பாதி தைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது, இந்த வீம்பு யாரிடமிருந்து வந்தது என்று. மெஷினை நிறுத்திவிட்டு நன்றாய் அழுதேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, டீ வாங்கிக் கொடுத்தாள்.

அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன். "எங்கப்பா குகை எதையும் கண்டுபிடிக்கலை. நாங்கதான் அப்படிச் சொல்லிட்டு இருந்தோம், அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் ஒரு கோட்டை அளக்கலை. அளக்கலைன்னு கைப்பட எழுதி வச்சாரு. அதுக்கு ரெண்டு வருஷம் குடும்பத்தைப் பிரிஞ்சு தண்டனை அனுபவிச்சாரு. கல்லுல பேர் போடுறதும் போடாததும் உங்க இஷ்டம்."

ஹெட்மாஸ்டர் மட்டும் விடவில்லை: "படத்துல இருக்கிறது பொய்னா, நிஜக் குகையை இன்னும் நல்லா மறைச்சிருக்காங்கன்னுதானே அர்த்தம்?" அவரை விட்டுவிடு. மருந்துக்கடைக்காரர் எழுந்தார். நான் என் பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தேன். அவர் சொன்னார்: "எங்க தாத்தா நிலம் கொடுத்தாரு. ஆனா எது வரைக்கும் கொடுத்தாருன்னு எனக்கே உங்கப்பா அளந்து வச்சதுலதான் தெரியும். அதை வச்சுத்தான் நான் இவ்வளவு நாளா உங்ககிட்ட சண்டை போட்டேன். கல்லுல அவர் பேரே இருக்கட்டும்மா."

அந்த மனுஷனிடம் நான் இனி மாத்திரை வாங்குவேன்.

வாசகத்தை மாற்றிவிட்டேன். 'நில அளவையாளர். அளக்காததை அளந்ததாக எழுதாதவர்.' கீழே அந்த வரியை அவர் எழுதிய தேதியும் போட வேண்டும் என்கிறார் தலைவி. உன் ஆபீஸ் முத்திரையோடு அந்தப் பக்கத்தின் நகல் அனுப்பு. மூலை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, மிச்சத்தில் ஏதாவது தெரிகிறதா பார்க்கலாம்.

குகைக்காரர் இப்போது எனக்கு முன்னைவிட உயரமாய்த் தெரிகிறார். நீயும் சுவரிலிருந்து கழற்றியதை நினைத்து உருகாதே, சாப்பிடு.

அக்கா

*

ஜூன் 21

அக்கா,

நகல் இத்துடன். மூலை கிழியவில்லை. நான்தான் பொய் சொன்னேன். அப்பா மாதிரி எழுத எனக்கு இன்னும் வரவில்லை. நீ உன்னையே நொந்துகொள்வாய் என்று பயந்தேன். பார்த்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

தம்பி

*

ஜூலை 8

வாலுக்கு, என் தம்பிக்கு,

உறை கிழித்து நகலைப் பார்த்தேன். மார்ச் பதினேழு. வருஷம் நான் பிறந்த வருஷம். பிற்பகல் இரண்டு மணி.

நான் அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் பிறந்தேன் என்று அம்மா சொல்வாள். பிரசவத்துக்குப் பிறகு மூன்று நாள் அவள் பிழைப்பாளா என்றே தெரியவில்லையாம். அப்பா கட்டிலை விட்டு நகரவில்லையாம். நான்காம் நாள் மாற்றல் உத்தரவு. வீட்டுக் காரணம் என்று இரண்டு வார்த்தை எழுதினாரே, அந்தக் காரணம் இங்கே உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறது.

நொந்துகொள்வேன் என்றா பயந்தாய்? போடா. எனக்காக ஒரு மனுஷன் மலையைப் பாதியில் விட்டு இறங்கி ஓடி வந்திருக்கிறார். எதற்கு ஓடினேன் என்று சொல்லித் தப்பிக்கவும் இல்லை, ஓடவில்லை என்று பொய் எழுதவும் இல்லை. இந்த ஊரில் யாருக்கு இப்படி ஒரு அப்பா இருந்தார், சொல் பார்ப்போம். கடையைச் சாத்திவிட்டு நேரே கல் நட்ட இடத்துக்குப் போனேன். தேதிக்கு மட்டும் இடம் விட்டு, மற்றதெல்லாம் வெட்டி முடித்திருந்தார்கள். கல் வெட்டுகிறவரிடம் நகலைக் கொடுத்தேன். "உங்களுக்கு வேண்டிய நாளா இது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

குகை எங்கே என்று கேட்டபோதெல்லாம் என் தலையில் குட்டி, "இங்கதான் இருக்கு" என்றார். வாயைத் திறந்து அவர் சொன்ன ஒரே இடம் அதுதான். நாம் மலை முழுக்கத் தேடினோம்.

போர்டைக் கழற்றவில்லை. தூசி துடைத்து எழுத்துக்குப் புது வர்ணம் அடித்தாயிற்று.

தலைவி உன் ஆபீஸுக்கு எழுதிவிட்டார்: குகையை எடுத்துவிட்டு அந்தக் கோட்டை முறையாய் அளக்க வேண்டுமாம். அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு நீயே வா. சங்கிலியின் ஒரு முனையை நீ பிடி, மறு முனையை நான் பிடிக்கிறேன். முழங்கால் என்ன சொன்னாலும் ஏறுவேன். வருகிற எண் என்னவோ அதை அப்படியே எழுது.

அளந்து முடித்ததும் குனிந்து தலையைக் காட்டு. அறுபது வருஷம் எல்லாக் குட்டுகளையும் நானே வாங்கிக்கொண்டேன். உனக்கு ஒன்று தர வேண்டும்.

வழி பார்த்திருக்கும்,
குகைக்காரர் மகள்